கேட்கானைக் கழற்றினால் டர்போ கார் பறக்குமா? தி.நகர் டிராஃபிக் சொல்லும் பதில்!

"கேட்கானைத் தூக்கிட்டு நேரா ஒரு பைப் போட்டுடலாம் சார். டர்போ வண்டிதானே... சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்!"

டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களில் பலர் இந்த வசனத்தை எங்காவது கேட்டிருப்பார்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலிலோ, புதுப்பேட்டைப் பக்கத்து ஷெட்டிலோ, ஞாயிறு காலை ஈ.சி.ஆர் டிரைவில் நண்பர்கள் கூடும் டீக்கடையிலோ இந்தப் பேச்சு வந்துவிடும். வீட்டில் கல்லூரி படிக்கும் பையன் இருந்தால், "அப்பா, டவுன்பைப் மாத்தணும்ப்பா" என்ற கோரிக்கையாகவும் வரும்.

இது முழுப் பொய் என்று ஒதுக்க முடியாது. டர்போ இன்ஜினில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்தால் பவர் கூடும் என்பதற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது. ஆனால், அந்தப் பவர் எந்த வேகத்தில், எந்தச் சாலையில் கிடைக்கிறது என்பதுதான் விஷயம். மயிலாப்பூர் லஸ் கார்னரிலிருந்து பனகல் பார்க் போய், அங்கிருந்து அடையாறு திரும்பும் ஒரு காருக்கு அது கிடைக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

மெக்கானிக்குகள் செல்லமாக 'கேட்கான்' என்று சொல்லும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், வெளியிலிருந்து பார்த்தால் சின்ன சைலன்சர் போல இருக்கும் ஓர் இரும்பு டப்பா. உள்ளே தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கான நுண்ணிய துவாரங்கள் கொண்ட பீங்கான் கட்டி. ஒரு சதுர அங்குலத்தில் 400 துவாரங்கள் இருப்பது சாதாரணம். அந்தத் துவாரங்களின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்கள் மிக மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டிருக்கும்.

இன்ஜினிலிருந்து வரும் புகையில் மூன்று வில்லன்கள். ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் கார்பன் மோனாக்சைடு, எரியாமல் தப்பித்த ஹைட்ரோகார்பன், நுரையீரலை எரிச்சலூட்டும் நைட்ரஜன் ஆக்சைடு. கேட்கானைக் கடக்கும்போது இவை கார்பன் டை ஆக்சைடாகவும், நீராவியாகவும், நைட்ரஜனாகவும் மாறிவிடுகின்றன. சூடேறிய, நல்ல நிலையில் இருக்கும் கேட்கான், இந்த மூன்றிலும் 90 சதவிகிதத்துக்கு மேல் மாற்றிவிடும்.

சென்னைக்கும் கேட்கானுக்கும் 30 வருட உறவு. 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. பெட்ரோல் பங்கில் 'அன்லெடட்' என்று தனி பம்ப் வந்ததும் அப்போதுதான். பழைய பெட்ரோலில் இருந்த ஈயம், கேட்கானில் இருக்கும் உலோகப் பூச்சின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால்தான் அந்த ஏற்பாடு. 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோலுக்கு விடைகொடுக்கப்பட்டது. அந்த வகையில், கேட்கான் வந்ததால் ஈயமும் நம் காற்றிலிருந்து குறைந்தது.

டர்போவுக்கும் கேட்கானுக்கும் என்ன பகை?

சாதாரண இன்ஜின், தனக்குத் தேவையான காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். டர்போ இன்ஜினில் காற்று உள்ளே அழுத்தித் திணிக்கப்படுகிறது. திணிப்பதற்கான சக்தி வீணாக வெளியேறும் புகையிலிருந்தே கிடைக்கிறது. புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்பும். இதனால்தான் 1.0 லிட்டர் டர்போ இன்ஜின் 120 பி.எஸ் வரை பவர் தருகிறது.

இந்தச் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழலும் என்பதைத் தீர்மானிப்பது, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களின் விகிதம். முன்னால் அழுத்தம் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் இருந்தால் டர்பைன் சுறுசுறுப்பாகச் சுழலும். கேட்கான் உட்கார்ந்திருப்பது டர்பைனுக்கு அடுத்து. அது கொடுக்கும் தடையால் டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் ஏறுகிறது. இதைத்தான் 'பேக் பிரஷர்' என்கிறார்கள்.

ஓர் உதாரணக் கணக்கு. டர்பைனுக்கு முன்னால் அழுத்தம் 2.2 பார், பின்னால் 1.3 பார் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் சுமார் 1.7. தடையை நீக்கி, பின்னால் உள்ள அழுத்தத்தை 1.1 பாராகக் குறைத்தால் விகிதம் 2. அதே புகையிலிருந்து டர்பைனுக்குக் கூடுதல் சக்தி கிடைக்கிறது. டர்போ சீக்கிரம் சுழல ஆரம்பிக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு நொடி யோசித்துவிட்டுப் பாயுமே, அந்த 'டர்போ லேக்' குறையும். டர்போ இல்லாத இன்ஜினைவிட டர்போ இன்ஜினில் கேட்கானின் தடை அதிகம் உணரப்படுவதற்கு இதுதான் காரணம்.

ஆக, ஷெட்டில் சொல்வது இதுவரை சரி.

ரங்கநாதன் தெருவில் ஒரு கதவு

இதைப் புரிந்துகொள்ள ரங்கநாதன் தெருவைவிட நல்ல உதாரணம் இல்லை. உஸ்மான் ரோட்டிலிருந்து மாம்பலம் ரயில் நிலையம் வரை நீளும் அந்தத் தெருவின் ஸ்டேஷன் முனையில் ஒரு குறுகலான கதவு வைத்திருக்கிறார்கள் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தக் கதவுதான் கேட்கான்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை. தெரு கொள்ளாத கூட்டம். குறுகலான கதவில் கூட்டம் முட்டி நிற்கிறது. நெரிசல் பின்னோக்கித் தெரு நடுவரை பரவுகிறது. கதவை எடுத்தால் பெரிய வித்தியாசம் தெரியும். அதே தெருவில் அதிகாலை ஐந்து மணிக்குப் பால் வாங்கிக்கொண்டு நான்கு பேர் போகிறார்கள். கதவு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அவர்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

கேட்கானும் அப்படித்தான். அதன் வழியாகப் போகும் புகையின் அளவு கூடக்கூடத்தான் அதன் தடை தெரியும். புகை குறைவாக இருக்கும்போது, அது இருப்பதே இன்ஜினுக்குத் தெரியாது. நகரத்தில் உங்கள் இன்ஜின் எந்த நிலைமையில் ஓடுகிறது... தீபாவளிக் கூட்டமா, அதிகாலைத் தெருவா?

40 கி.மீ வேகத்தில் எவ்வளவு புகை?

புகையின் அளவை அளக்க மீட்டர் தேவையில்லை. பெட்ரோல் செலவை வைத்தே கணக்கிடலாம். ஏனென்றால், ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று தேவை. பெட்ரோல் இரண்டு மடங்கானால் புகையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சர்தார் படேல் ரோட்டில் டிராஃபிக் இல்லாத நேரத்தில் சீராக 40 கி.மீ வேகத்தில் போகிறீர்கள். லிட்டருக்கு 20 கி.மீ மைலேஜ் என்றால், ஒரு மணி நேரத்துக்கு இன்ஜின் குடிப்பது 2 லிட்டர். அதே 120 பி.எஸ் இன்ஜின், ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தி முழுப் பவரில் ஓடினால், மணிக்கு 30 லிட்டருக்கு மேல் குடிக்கும். அதாவது, நகர வேகத்தில் கேட்கான் வழியாகப் போவது, முழுப் பவரில் போகும் புகையில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை.

சமதளச் சாலையில் 40 கி.மீ வேகத்தைத் தக்கவைக்க ஒரு சிறிய காருக்குத் தேவைப்படும் பவர் 5 பி.எஸ்-க்கும் குறைவு. கையில் 120 இருக்கிறது. பயன்படுவது 5. இந்த நிலையில், கேட்கானைக் கழற்றி இன்னும் சில பி.எஸ் சேர்த்தால், அது எங்கே போய்ச் செலவாகும்?

இதுவும் டிராஃபிக் இல்லாத நேரத்துக் கணக்குதான். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, பனகல் பார்க் பக்கமெல்லாம் தடுப்புகளும் மாற்றுப்பாதைகளுமாகப் பல வருடங்கள் ஓடியிருக்கின்றன. அங்கே கார் 40-ஐத் தொட்டாலே அதிசயம். கேட்கான் பவரைச் சாப்பிடும் இடம், அதிக ஆர்.பி.எம்-மில் முழுமையாக மிதித்து ஓட்டும் சில நொடிகள் மட்டுமே. அப்படி ஓட்டுவதற்கு எல்.பி ரோட்டில் இடமே இல்லை.

"ஆனா, கழற்றின பிறகு வண்டி நல்லா இழுக்குதே?" என்று சொல்பவர்கள் உண்டு. டர்போ சற்று முன்னதாக விழித்துக்கொள்வது உண்மை என்பதால், சிக்னலில் கிளம்பும்போது ஒரு சின்ன வித்தியாசம் தெரியலாம். அதோடு, கேட்கான் புகையை மட்டுமல்ல, சத்தத்தையும் குறைக்கும் பொருள். அது போனதும் எக்ஸாஸ்ட் சத்தம் கூடும். அதிகச் சத்தம் போடும் கார் அதிக வேகமாகப் போவதுபோலவே தோன்றும். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால்தான் எவ்வளவு காதால் வந்தது, எவ்வளவு இன்ஜினால் வந்தது என்று தெரியும்.

இ.சி.யூ சும்மா இருக்குமா?

இன்றைய டர்போ காரில் பூஸ்ட் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது டர்போ அல்ல, இ.சி.யூ என்கிற கம்ப்யூட்டர். குறிப்பிட்ட அழுத்தத்தைத் தொட்டதும் 'வேஸ்ட்கேட்' என்ற வால்வைத் திறந்து, மிச்சப் புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும். கேட்கானை எடுத்ததால் டர்பைன் வேகமாகச் சுழன்றால், இ.சி.யூ அந்த வால்வை இன்னும் கொஞ்சம் திறந்து பழைய பூஸ்ட்டுக்கே கொண்டுவந்துவிடும். புரோகிராமை மாற்றாமல் பைப்பை மட்டும் மாற்றினால் பெரிய லாபம் கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

அதனால்தான், அடுத்து 'ரீமேப்' பேச்சு வரும். கார் ட்யூனிங் உலகில் 'ஸ்டேஜ் 1' என்பது சாஃப்ட்வேரை மட்டும் மாற்றுவது. அதற்குக் கேட்கானைத் தொட வேண்டியதே இல்லை. 'ஸ்டேஜ் 2' என்பதில்தான் டவுன்பைப் மாற்றமும் சேர்கிறது. கழற்றியவர்கள் சொல்லும் பெரிய எண்களில் கணிசமான பங்கு, பைப்பால் அல்ல, பூஸ்ட்டை உயர்த்திய சாஃப்ட்வேரால் வந்தது.

வேறொரு ஆபத்தும் உண்டு. நிறுவனம் கொடுத்த வேஸ்ட்கேட், கேட்கான் இருக்கும் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது. தடை திடீரென்று இல்லாமல்போனால், சில கார்களில் வால்வு முழுதாகத் திறந்தும் போதாமல், பூஸ்ட் கட்டுப்பாடின்றி ஏறும். இதை 'பூஸ்ட் க்ரீப்' என்பார்கள். அழுத்தம் எல்லை மீறினால் பெட்ரோல் நேரம் தவறி வெடித்து 'நாக்கிங்' வரும். அது தொடர்ந்தால் பிஸ்டனுக்கே ஆபத்து.

கேட்கானுக்குப் பின்னால் இன்னொரு ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. கேட்கான் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கண்காணிப்பதுதான் அதன் வேலை. கேட்கான் இல்லையென்றால், டேஷ்போர்டில் 'செக் இன்ஜின்' விளக்கு எரியும். ஸ்கேனர் போட்டால் பி0420 என்ற கோடு வரும். விளக்கை அணைக்க, சென்சாரை ஏமாற்றும் ஸ்பேசர் போடுவது அல்லது சாஃப்ட்வேரில் அந்தக் கண்காணிப்பையே நிறுத்துவது என்று குறுக்குவழிகள் இருக்கின்றன. தப்பித்தவறி விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் இன்னும் சிக்கல். நாளை நிஜமாகவே வேறு கோளாறு வந்தாலும் அதே விளக்குதான் எரிய வேண்டும். 'இது கேட்கான் விளக்குதானே' என்று அலட்சியமாக விட்டுவிடுவீர்கள்.

லாபம் உங்களுக்கு... நஷ்டம் யாருக்கு?

மறுபக்கக் கணக்கு எளிமையானது. கேட்கான் 90 சதவிகிதத்தை மாற்றுகிறது என்றால், வெளியே வருவது 10 சதவிகிதம். அதை எடுத்துவிட்டால் வெளியே வருவது 100. அதாவது பத்து மடங்கு. 95 சதவிகிதம் மாற்றும் கேட்கான் என்றால் இருபது மடங்கு. கேட்கான் இல்லாத ஒரே ஒரு கார் பாண்டி பஜாருக்குள் நுழைவது, நச்சுப் புகை விஷயத்தில், பத்து முதல் இருபது கார்கள் நுழைவதற்குச் சமம்.

பவர் லாபம் முழு வேகத்தில் மட்டும்தான் கிடைக்கும். நச்சு அப்படி இல்லை. சிக்னலில் நிற்கும்போதும், முதல் கியரில் ஊரும்போதும், வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போதும் வந்துகொண்டே இருக்கும். காரின் எக்ஸாஸ்ட் குழாய் தரையிலிருந்து ஓரடி உயரத்தில்தான் இருக்கிறது. அதற்கு நேர் பின்னால் நிற்பவர்கள் யார்? ஸ்கூட்டியின் முன்னால் நின்றுகொண்டு பள்ளிக்குப் போகும் குழந்தை. ஷேர் ஆட்டோவில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி. நாள் முழுக்க சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி வந்தால்கூட வெயில் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள்.

சென்னை வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. நைட்ரஜன் ஆக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் சூரிய ஒளியில் வினைபுரிந்து, தரைமட்டத்தில் ஓசோனை உருவாக்கும். வானத்தில் நம்மைக் காக்கும் அதே ஓசோன், மூச்சு விடும் உயரத்தில் ஆஸ்துமாக்காரர்களுக்கு எதிரி.

கார் உரிமையாளரும் தப்பிக்க முடியாது. அவசரமாகப் பொருத்திய பைப்பின் வெல்டிங்கிலோ, கேஸ்கெட்டிலோ கசிவு இருந்தால், வடிகட்டப்படாத அந்தப் புகை காருக்குள்ளேயே வரலாம். ஏ.சி போட்டுக் கண்ணாடிகளை மூடிக்கொண்டு பின் ஸீட்டில் தூங்குவது அவர் குடும்பம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

'சொந்தக் கார்... என்ன வேண்டுமானாலும் செய்வேன்' என்று சொல்ல முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, நிறுவனம் கொடுத்த அம்சங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

2019-ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் வாகனத்தை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். காற்று, ஒலி மாசு விதிகளை மீறி வாகனத்தை ஓட்டினால், முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும். மூன்று மாதங்களுக்கு லைசென்ஸும் போகும்.

எமிஷன் டெஸ்ட்டிலும் சிக்கல்தான். பி.எஸ்-4, பி.எஸ்-6 பெட்ரோல் கார்கள் ஐடிலிங்கில் வெளியிடும் புகையில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. இந்த அளவே, கேட்கான் இருக்கிறது என்ற கணக்கில் வைக்கப்பட்டதுதான். நேர்மையாகச் சோதித்தால் கேட்கான் இல்லாத கார் தேறுவது கடினம். போதாததற்கு, இன்ஜின் வாரன்ட்டியும் கேள்விக்குறியாகும். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி, இன்ஷூரன்ஸ் நிறுவனம் க்ளெய்மில் கேள்வி எழுப்பவும் வாய்ப்பு இருக்கிறது.

'ரேஸ் கார்களில் இல்லையே?'

1990-ல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டை டிராக்கும், 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவு நேர ஃபார்முலா 4 ரேஸும் சென்னை இளைஞர்களுக்கு ரேஸ் ஆசையை ஊட்டியிருக்கின்றன. டிராக்கில் நிமிடக்கணக்கில் முழுமையாக மிதித்து ஓட்டுகிறார்கள். அங்கே தீபாவளிக் கூட்டம்தான். தடையைக் குறைப்பதில் அர்த்தம் இருக்கிறது. அது மூடிய டிராக். பின்னால் ஸ்கூட்டி வருவதில்லை.

அங்கேயும் எல்லாப் போட்டிகளும் கேட்கானைத் தூக்கி எறிந்துவிடவில்லை. உலக மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்.ஐ.ஏ, தான் அங்கீகரித்த கேட்டலிடிக் கன்வெர்ட்டர்களுக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பொதுச் சாலைகளில் ஓடும் ராலி கார்களுக்கு அது தேவைப்படுகிறது.

நிஜமாகவே பவர் குறைந்தால்?

சிலர் கேட்கானைக் கழற்றுவது ஆசையால் அல்ல. கார் இழுக்கவில்லை என்பதால். கேட்கான் உண்மையிலேயே அடைத்துக்கொள்வதுண்டு. அப்போது கார் மேம்பாலம் ஏறத் திணறும், மைலேஜ் விழும், ஆர்.பி.எம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது.

ஆனால், அடைப்பு என்பது நோயல்ல, அறிகுறி. தேய்ந்த ஸ்பார்க் பிளக் அல்லது பழுதான இக்னிஷன் காயிலால் மிஸ்ஃபயர் ஆகி, எரியாத பெட்ரோல் கேட்கானுக்குள் போய் எரிந்தால், அந்தச் சூட்டில் பீங்கான் உருகிவிடும். டர்போவின் ஆயில் சீல் கசிந்தாலும், இன்ஜின் ஆயில் எரிந்தாலும், அந்தப் படிவு துவாரங்களை மூடும். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் சூடான காரை இறக்கினால், நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பத்தில் இருக்கும் பீங்கான் சட்டென்று குளிர்ந்து விரிசல் விடலாம். காரணத்தைச் சரிசெய்யாமல் கேட்கானை மட்டும் கழற்றுவது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பது போல.

கேட்கானைக் கழற்றாமலேயே சோதிக்கலாம். அதற்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை எடுத்துவிட்டு, அந்தத் துளையில் பிரஷர் கேஜ் பொருத்தினால், பேக் பிரஷர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். 'அடைப்பு' என்று மெக்கானிக் சொன்னால், இந்த அளவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

டீசல் கார்க்காரர்களுக்கு வேறு பிரச்னை. பி.எஸ்-6 டர்போ டீசல்களில் கரித்துகளைப் பிடிக்கும் டி.பி.எஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. அதில் சேரும் கரி, எக்ஸாஸ்ட் நன்றாகச் சூடேறும்போதுதான் எரிந்து சுத்தமாகும். மந்தைவெளியிலிருந்து தி.நகர், தி.நகரிலிருந்து மந்தைவெளி என்றே ஓடும் காரில் அந்தச் சூடு வருவதில்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் ஃபில்டரை வெட்டி எறிவது தீர்வல்ல. மேனுவலில் சொல்லியிருக்கும் வேகத்தில், பெரும்பாலும் 15, 20 நிமிடங்கள், ஓ.எம்.ஆர் அல்லது ஜி.எஸ்.டி சாலையில் அதிகாலையில் சீராக ஓட்டினாலே பல நேரங்களில் விளக்கு அணைந்துவிடும்.

கழற்றிய கேட்கான் எங்கே போகிறது?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. 2021-ல் ரோடியத்தின் விலை, அதே எடைத் தங்கத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் போனது. அந்தச் சமயத்தில் குஜராத், மகாராஷ்டிரா பக்கமெல்லாம் நிறுத்திவைத்த வேன்களின் சைலன்சர்களைத் திருடும் கும்பல்கள் பிடிபட்டன. அவர்கள் தேடியது இரும்பையல்ல. உள்ளே இருக்கும் பூச்சை. ஆகவே, 'கழற்றித் தர்றோம், கூலி வேண்டாம்' என்று யாராவது தாராளம் காட்டினால், அந்தத் தாராளத்தின் விலை உங்கள் காரிலிருந்தே போகிறது. புது கேட்கான் வாங்கப் போகும்போதுதான் அது புரியும்.

டர்போ காரிலிருந்து முழுப் பலனையும் பெற...

* ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் இரண்டையும் உரிய நேரத்தில் மாற்றுங்கள். சென்னைத் தூசியில் அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டரும் டர்போவின் மூச்சை முட்டவைக்கும்.

* மேனுவலில் சொன்ன கிரேடு இன்ஜின் ஆயிலையே ஊற்றுங்கள். டர்போவின் ஆயுளும் கேட்கானின் ஆயுளும் அதில்தான் இருக்கின்றன.

* பவர் குறைந்தால், முதலில் இன்டர்கூலர் ஹோஸ்களில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிளாம்ப் லூஸானாலே பூஸ்ட் வெளியேறிவிடும்.

* டயர் காற்றழுத்தத்தைச் சரியாக வைத்திருங்கள். நகர வேகத்தில் இன்ஜினின் உழைப்பில் பெரும்பகுதி டயர்களை உருட்டவே போகிறது.

* 'செக் இன்ஜின்' விளக்கு எரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். விளக்கு விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர் என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்து, உடனே காட்டுங்கள்.

* பழைய டர்போ கார் வாங்குகிறீர்களா? லிஃப்டில் ஏற்றி, கேட்கான் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேனரும் போட்டுப் பாருங்கள். முந்தைய உரிமையாளரின் ஆசைக்கு நீங்கள் அபராதம் கட்ட வேண்டாம்.

வேகம் பிடிக்கும் என்பதில் தவறில்லை. அதற்கென்று இருக்கும் டிராக்கில் ஒரு நாள் பணம் கட்டி ஓட்டிப் பார்க்கலாம். அங்கே, கம்பெனி கொடுத்த அதே காரில்கூட, தி.நகரில் ஒருபோதும் பயன்படாத மீதி 115 பி.எஸ் காத்துக்கொண்டிருக்கிறது.